கோவிந்தன் பேரில் ஒரு விளக்கு கேஸ்

"அபராதத்தைப் பல மடங்கு ஏத்திட்டாங்களே பாய், இனிமேலாவது லைசென்ஸ் இல்லாம ஓட்டுறது குறையுமா?" என்று உங்களில் ஒருவர் போன வாரம் என்னிடம் கேட்டார். நாகூரில் ஜும்ஆ தொழுகை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரம். வாசலில் நின்று சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. எழுதித் தருகிறேன், ஸ்டேஷனில் உங்களோடு புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் படிக்கக் கொடுங்கள் என்றேன்.

நான் பத்தாம் வகுப்போடு காக்கிச் சட்டை போட்டவன். சட்டப் புத்தகத்தை முழுதாகப் படித்தவனில்லை. ஆனால் என் சர்வீஸில் இந்தத் தண்டனையை ஏற்றியதை நானும் பார்த்திருக்கிறேன். ஏற்றிய முதல் மாதம் ரோட்டில் வண்டி குறையும். கடைத்தெருவில் எல்லாரும் அதையே பேசுவார்கள். இரண்டாம் மாதம் எல்லா வண்டியும் திரும்பி வந்துவிடும். ஆனால் நம் ரிஜிஸ்டரில் மட்டும் லைசென்ஸ் இல்லாத கேஸ் குறைந்திருக்கும். அதற்குப் பதிலாக ஹாரன் இல்லை, நம்பர் பிளேட் சரியில்லை, முகப்பு விளக்கு எரியவில்லை என்று வேறு கேஸ்கள் கூடியிருக்கும். ரோட்டில் ஓடுவது அதே ஆட்கள்தான். நாம் எழுதுவதுதான் மாறியிருக்கும்.

ஏனென்றால் தண்டனை பெரிதாக ஆக, எழுதுகிற கை தயங்கும். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியவன் மேல் மட்டும் கேஸ் போட முடியாது. வண்டியைக் கொடுத்த முதலாளியையும் சேர்க்க வேண்டும். முதலாளியைச் சேர்த்தால் மேலிடத்திலிருந்து டெலிபோன் மணி அடிக்கும். அதனால் சின்னதாக ஒன்றை எழுதி அனுப்பிவிடுவோம். எங்கள் காலத்தில் இதற்கு 'விளக்கு கேஸ்' என்று பெயர். பகல் பதினொரு மணி வெயிலில் நின்றுகொண்டு, விளக்கு எரியவில்லை என்று எத்தனையோ எழுதியிருக்கிறேன். அப்படி எழுதிய ஒன்றைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அப்போது நான் நன்னிலம் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டேஷனில் ஏட்டு. பழைய மோட்டார் சட்டம் போய்ப் புதுச் சட்டம் வந்திருந்தது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் ஜெயில் வரை போகலாம், வண்டியைக் கொடுத்தவருக்கும் அப்படியே என்று ஆகியிருந்தது. அதே சமயத்தில் குறுவை அறுவடைக் கூலியில் தகராறு. விவசாயத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். பெரிய மிராசுதார் ஒருவர் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து கதிர் அறுத்தார். அவருக்கு இரண்டு மாப்பிள்ளைகள், ஆளும் கட்சியில் ஒருவர், எதிர்க்கட்சியில் ஒருவர். ஆட்சி எது வந்தாலும் அவர் பேச்சுக்கு எங்கள் இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றுதான் பதில் சொல்வார்.

மிராசுதாரின் டிராக்டரைப் பதினோரு வருஷமாக ஓட்டியவர் கோவிந்தன். விவசாயத் தொழிலாளர்கள் குடியிருக்கும் தெற்குத் தெருக்காரர். முறையாக லைசென்ஸ் வைத்திருந்தவர். வேலை நிறுத்தம் தொடங்கிய அன்று காலையில் சாவியைக் கொண்டுபோய் மிராசுதார் வீட்டு ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, தெருக்காரர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டார். அதன்பிறகு அந்த வண்டியை ஓட்டியவர் வைத்தியலிங்கம், அந்த வீட்டு மாடுகளைப் பார்த்துக்கொள்கிற நாற்பது வயது ஆள். வயலுக்குள் உழவு ஓட்டத் தெரியும், அவ்வளவுதான்.

ஒரு நாள் மதகடியில் வண்டிகளைச் சோதனை போட்டுக்கொண்டிருந்தேன். டிராக்டர் வந்தது, மேலே வைத்தியலிங்கம்.

"லைசென்ஸ் எங்க வைத்தி?"

"இருக்குதுங்க பாய். கோவிந்தன்கிட்ட இருக்குது."

"உன் லைசென்ஸ் அவன்கிட்ட எப்படிப் போச்சு?"

"என்னுது இல்லைங்க, வண்டியோடது. வண்டிக்கு எடுத்ததுதானே? அவருதான் பையில வச்சிருக்காரு. கேட்டா குடுத்துடுவாரு. இப்ப அவரோட பேச்சுவார்த்தை இல்ல, அதான்."

என்னோடு நின்ற கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த மனிதர் ஏமாற்றவில்லை. மாட்டுக்குக் கழுத்து மணி மாதிரி டிராக்டருக்கு லைசென்ஸ் என்று உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தார். தம்பிகளே, சிரிப்பு வந்தால் கை இளகிவிடும். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

"போராட்டம் முடியற வரைக்கும் மிராசுதார் பேரு எந்தக் காகிதத்துலயும் வரக்கூடாது பாய்" என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். லைசென்ஸ் கேஸ் போட்டால் அவர் பெயர் வரும். நான் விளக்கு கேஸ் எழுதினேன். படிவத்தில் லைசென்ஸ் நம்பருக்கு ஓர் இடம் இருக்கிறது. அதைக் காலியாக விட்டால் மேலே கேள்வி கேட்பார்கள். முன்பு ஒரு சோதனையில் குறித்து வைத்த கோவிந்தனின் நம்பர் என் பாக்கெட் நோட்டில் இருந்தது, அதை எழுதினேன். நம்பர் கோவிந்தனுடையது என்றால் பெயரும் பொருந்த வேண்டுமே, ஓட்டியவர் கோவிந்தன் என்றும் எழுதினேன். வைத்தி படிவத்திலும் அதன் பிரதியிலும் கீழே பெருவிரலை உருட்டினார். மிராசுதாரின் கணக்குப்பிள்ளை அந்தப் பிரதியை வாங்கிக்கொண்டு போய் அபராதத்தைக் கட்டிவிட்டு வந்தார்.

அன்று மாலை அஸர் தொழுகைக்கு நின்றபோது மனதில் உறுத்தலே இல்லை. ஊரில் வீண் சண்டை வராமல் தடுத்திருக்கிறேன் என்ற நிய்யத்துதான் இருந்தது. எண்ணம் நல்லது என்றால் எழுதியதும் நல்லதாகிவிடும் என்று நினைத்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள் பகல் ஒரு மணிக்கு ஆற்றங்கரை ரோட்டில் விபத்து என்று ஆள் வந்து சொன்னார். நெல் மூட்டை ஏற்றிவந்த அந்த டிராக்டர்தான். டிராக்டருக்கு இடது சக்கரத்துக்கு ஒரு பிரேக், வலது சக்கரத்துக்கு ஒரு பிரேக். வயலில் தனித்தனியாக மிதிப்பார்கள். ரோட்டுக்கு வரும்போது இரண்டையும் ஒரு கொக்கியால் சேர்த்து மாட்டிவிட வேண்டும். வைத்திக்கு அது தெரியாது. எதிரே சைக்கிள் வந்ததும் பயந்து ஒரு பக்கத்துப் பிரேக்கை மட்டும் மிதித்திருக்கிறார். வண்டி சுழன்று ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. பின்னால் மாட்டியிருந்த டிரெய்லர் பெட்டி சைக்கிள்காரர் மேல் சாய்ந்தது. அவர் பெயர் மாரிமுத்து. தெற்குத் தெரு. டீத்தூள் வாங்கப் போனவர். திருவாரூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே இறந்துபோனார்.

நான் போனபோது வைத்தி மைல்கல் மேல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். கொக்கி மாட்டாமல் தொங்கியதைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். கூட்டம் சேர்வதற்குள் அவரை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து உள்ளறையில் உட்கார வைத்தேன்.

மூன்று மணிக்கு ஸ்டேஷன் வாசலில் தெற்குத் தெருவே நின்றது. போராட்டத்தில் இருக்கிற ஆளை மிராசுதார் வண்டி ஏற்றிக் கொன்றுவிட்டார், கொலைக் கேஸ் போடு என்று சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் மந்திரி பந்தோபஸ்துக்குத் தஞ்சாவூர் போயிருந்தார். ஜீப்பும் டிரைவரும் அவரோடு. ஸ்டேஷனில் நானும் ரிஜிஸ்டர் எழுதுகிற ரைட்டரும் நான்கு கான்ஸ்டபிள்களும்தான்.

மிராசுதார் பின்பக்க வழியாக வந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"கோவிந்தன் ஓட்டுனான்னு எழுதிடுங்க பாய்."

"ஓட்டினவர் உள்ள உக்காந்திருக்காருங்க."

"உள்ள உக்காந்திருக்கிறவன் என் மாட்டுக்காரன். அவனுக்கு லைசென்ஸே கிடையாதே, அவன்கிட்ட நான் எப்படி வண்டியக் குடுப்பேன்?" என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் விரித்தார். "ஒம்பது நாளைக்கு முந்தி என் வண்டிய யாரு ஓட்டுனான்னு நீங்களே எழுதியிருக்கீங்க. கையெழுத்து உங்களுதுதானே?"

என்னுடையதுதான்.

"எனக்காகக் கேக்கறேன்னு நினைக்காதீங்க. லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டுனதுன்னு எழுதுனா இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சிடுவான். செத்தவனுக்கு ரெண்டு பொண்ணு. அந்தப் பொம்பளை எங்க போவா?"

அவர் சொன்னதில் இது ஒன்று பொய்யில்லை. எனக்குக் கஷ்டமாக இருந்ததும் அதுதான். நாம் நிற்கிற இடத்தில் முழுப் பொய்யோடு யாரும் வரமாட்டார்கள். பாதி நியாயத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள்.

இன்ஸ்பெக்டருக்கு டெலிபோன் போட்டேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. "எல்லாருக்கும் நல்லதுதானே பாய். கோவிந்தன்கிட்ட பேசுங்க. ஒத்துக்கிட்டான்னா எழுதிடுங்க. இல்லன்னா, ஒம்பது நாளைக்கு முந்தி அந்தப் பேரை எழுதுன ஏட்டு யாருன்னு நான் கேக்க வேண்டி வரும்" என்றார்.

எனக்கு அப்போது மூன்று பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தோம். அதையும் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகம் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கோவிந்தனைக் கூட்டத்திலிருந்து அழைத்துவரச் சொன்னேன். மாரிமுத்துவின் மனைவி அஞ்சம்மாளும் அவர் தம்பியும் கூடவே வந்தார்கள். கோவிந்தனும் அவர்களும் அடுத்தடுத்த வீடு. மிராசுதாரின் ஆள் வெளியே போய் இன்சூரன்ஸ் விஷயத்தை முன்கூட்டியே தம்பியின் காதில் போட்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி பேச ஆரம்பித்துவிட்டார்.

"கோவிந்தண்ணே, ஒரு பேரு தானே. நீ ஓட்டலன்னு ஊருக்கே தெரியும். காகிதத்துல மட்டும் இருந்துட்டுப் போவட்டும். அக்கா புள்ளைங்களுக்காகக் கேக்கறேன்."

கோவிந்தன் மேசை மேல் இருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், இதுல என் பேரு இருக்குது. கீழ கைநாட்டு இருக்குது. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். இது எப்ப எழுதுனது?"

"ஒம்பது நாளாச்சு."

"நான் சாவியக் குடுத்துப் பதினாறு நாளாச்சு. அப்போ வேலை நிறுத்தத்துல உக்காந்துக்கிட்டே நான் மிராசு வண்டிய ஓட்டுனதா இதுல இருக்குது. இத யாரு எழுதுனது?"

ரைட்டர் என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான்தான்" என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஜெயிலுக்குப் போறதப் பத்தி ஒண்ணுமில்ல பாய். போன வருச மறியல்லயே ஒரு வாரம் இருந்துட்டுத்தான் வந்தேன். ஆனா ஊரே பட்டினியா உக்காந்திருக்கறப்ப நான் போயி அறுத்த நெல்ல ஏத்துனேன்னு சர்க்கார் காகிதத்துல இருந்தா, நாளைக்குச் சங்கத்துல எவனாவது அத எடுத்துப் படிப்பான். கருங்காலின்னு சொல்லுவான். நான் இல்லன்னு எத்தன பேருகிட்ட சொல்றது?" என்றார். பிறகு அஞ்சம்மாளைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, "எழுதிக்குங்க" என்றார்.

அவ்வளவுதான். ஒத்துக்கொண்டார். மிராசுதாருக்கு நல்லது, இன்ஸ்பெக்டருக்கு நல்லது, எனக்கு நல்லது, அந்தப் பெண்ணுக்கும் நல்லது. பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். எடுக்கவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் எடுத்தேன்.

அஞ்சம்மாள் முன்னால் வந்தார். புடவைத் தலைப்பில் இன்னும் ரத்தம் இருந்தது. அவர் என்னிடம்தான் கேட்டார்.

"எங்கப்பாவ யாரு அடிச்சாங்கன்னு நாளைக்கு எம் புள்ளைங்க கேட்டா, நான் அடுத்த வீட்டக் காட்டணுமா?"

"அக்கா, அது காகிதத்துல மட்டும்..." என்றார் தம்பி.

"நீ சும்மா இருடா. அதுங்க பள்ளிக்கூடம் போவுதுங்க. காகிதம் படிக்கும். அந்தண்ணன் அரைக் கஞ்சி வந்தா கால் கஞ்சி இந்த வீட்டுக்குக் குடுத்த ஆளு. அவருதான் கொன்னாருன்னு எழுதி வாங்கித் திங்கச் சொல்றியா? வேணாம் ஏட்டய்யா. ஓட்டுனவன் பேர எழுதுங்க. வர்றது வரட்டும்."

பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டு எழுதினேன். ஓட்டியவர் வைத்தியலிங்கம், லைசென்ஸ் இல்லை, வண்டியைக் கொடுத்தவர் இன்னார் என்று மிராசுதாரின் பெயரையும் எழுதினேன். அதே பேனாவால் இன்னொரு தாளில், ஒன்பது நாளைக்கு முன் நான் எழுதிய விளக்கு கேஸ் பொய், ஓட்டியவர் கோவிந்தன் அல்ல என்று என் மேலேயே ஓர் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மிராசுதார் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "உங்க இஷ்டம் பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என்னைச் சில மாதம் சஸ்பெண்ட் செய்தார்கள். சம்பள உயர்வு நின்றது. மூத்தவள் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. என் வீட்டுக்காரி ஒரு நாளும் குத்திப் பேசவில்லை. வைத்தி குற்றத்தை ஒத்துக்கொண்டு சிறைக்குப் போய் வந்தார். மிராசுதாருக்கு ஓர் அபராதத்தோடு முடிந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி இழுத்தடித்தது. முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு மிராசுதாரிடம் வாங்கிக்கொள்ளட்டும் என்று கோர்ட் சொல்வதற்குள் அஞ்சம்மாளின் பெரிய பெண் பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டாள். உண்மை எழுதினால் உடனே நல்லது நடக்கும் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்றை மட்டும் சொல்வேன். எல்லாரும் என்னை அந்தப் பிற்பகலுக்காகப் பாராட்டுவார்கள். எனக்கு அதில் பெருமை இல்லை. அந்தப் பிற்பகலே வந்திருக்கக் கூடாது. மதகடியில் அன்று லைசென்ஸ் இல்லை என்று எழுதி, வண்டியை அங்கேயே நிறுத்தியிருந்தால், மாரிமுத்து டீத்தூளோடு வீட்டுக்குப் போயிருப்பார். சண்டை வந்திருக்கும், இன்ஸ்பெக்டர் திட்டியிருப்பார், அவ்வளவுதான். இன்று வரை தொழுகைக்குப் பிறகு மாரிமுத்துவுக்காகத் துஆ கேட்கிறேன். அவர் மாரியம்மனைக் கும்பிட்டவர். அதை இறைவன் பார்த்துக்கொள்வான்.

அபராதத்தைக் கூட்டியது தப்பென்று நான் சொல்லவில்லை. கூட்டியதால் உங்கள் பேனா பயந்துவிடக் கூடாது. இரக்கம் காட்ட வேண்டும் என்றால் லைசென்ஸ் எடுக்க எங்கே போக வேண்டும், என்ன காகிதம் வேண்டும் என்று அந்த மனிதருக்குச் சொல்லிக் கொடுங்கள். வைத்திக்கு அதை யாருமே சொல்லவில்லை, நானும்தான். ரோட்டில் நிற்கிற இரண்டு நிமிஷத்தில் அதையும் செய்யலாம்.

மறுநாள் காலையில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். டிராக்டர் இன்னும் ஆற்றங்கரை ரோட்டில் குறுக்கே நின்றது. மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்த்து, எடுக்கலாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மூட்டைகளை இறக்கி, பெட்டியைக் கழற்றி ஓரம் தள்ளியாயிற்று. அதற்குள் திருவாரூரிலிருந்து மாரிமுத்துவின் உடலோடு வேன் வந்துவிட்டது. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வாய்க்கால், சுற்றிப் போக வழியில்லை. டிராக்டரை எடுத்தால்தான் வேன் ஊருக்குள் போகும். எடுக்க ஆளில்லை. எங்கள் டிரைவர் தஞ்சாவூரிலிருந்து திரும்பவில்லை. எனக்கு அன்று எந்த வண்டிக்கும் லைசென்ஸ் கிடையாது. ஸ்டேஷன் மோட்டார் சைக்கிளை அப்படியேதான் ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பதையும் வெட்கத்தோடு எழுதி வைக்கிறேன்.

எல்லாரும் கோவிந்தனைப் பார்த்தார்கள். கோவிந்தன் வாய்க்காலைப் பார்த்தார்.

"வேலை நிறுத்தம் முடியல" என்றார்.

"ஏறுங்க கோவிந்து, மிராசு பதினாறு நாள் சம்பளத்தையும் சேத்துக் குடுப்பாரு" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. வேனுக்குள் அஞ்சம்மாள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

சங்கத்துக்காரர் ஒருவர் யோசித்துவிட்டு, "இன்ஜினப் போட வேணாம். நீ மேல ஏறி ஸ்டியரிங்க மட்டும் புடி. நாங்க தள்ளுறோம்" என்றார்.

கோவிந்தன் நேராக என்னிடம் வந்தார்.

"பாய், இன்ஜின் ஓடாம வண்டி நகந்தா அது ஓட்டுனதா ஆகுமா?"

சட்டத்தில் அதற்கு என்ன பதில் என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. "ஆகாது" என்றேன்.

"எழுதித் தருவீங்களா?"

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, டிராக்டரின் இன்ஜின் மூடி மேல் வைத்து எழுதினேன். 'இந்த வண்டியை இன்று எவரும் ஓட்டவில்லை. தெற்குத் தெருவார் தள்ளினார்கள்.' தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். கோவிந்தன் எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார். சங்கத்துக்காரரிடம் கொடுத்தார். அவரும் படித்துவிட்டுத் தலையாட்டிய பிறகுதான் சக்கரத்தில் கால் வைத்து ஏறினார். நாற்பது பேர் தோள் கொடுத்தார்கள். நானும் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பக்கம் கை கொடுத்தேன்.